உழாத நிலத்தைப் பார்க்கப் போனேன்

காலை ஆறேகாலுக்குத் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பியது. இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஐந்து வருடமாக உழாத தன் நிலத்தைக் காட்டுவதாகச் சொல்லி என்னை அழைத்தவர் அந்த ஊர் விவசாயி சேகர். நாள் குறித்த பிறகு மாரடைப்பில் போய்விட்டார். "அவரு கூப்ட்டவரு நீங்க, வாங்க சார்" என்று அவர் மனைவி தேவகி போனில் சொன்னதால்தான் புறப்பட்டேன். துக்கம் கேட்கப் போகிறோமா, நிலம் பார்க்கப் போகிறோமா என்று வழியெல்லாம் சங்கடமாகவே இருந்தது.

எட்டு மணிக்குத் தேவகியுடன் நிலத்துக்கு நடந்தேன். கம்பும் உளுந்தும் அறுத்தபின் தாளை மண்மேலேயே விட்டுவிடுவாராம் சேகர். செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன், வேரும் தழையும் மட்கி மண்ணில் தங்கும். கிளறினால் அதில் நிறைய மீண்டும் காற்றுக்கே போய்விடும். அதற்காகவே அவர் ஏர் வைக்கவில்லை.

வரப்பேறியதும் தேவகி நின்றுவிட்டார். நிலம் முழுக்கப் புரட்டிப்போட்ட கட்டிகள்.

பக்கத்து நிலத்திலிருந்து சேகரின் பங்காளி ஏழுமலை ஓடிவந்தார். "மழ ஈரம் இருந்துச்சிம்மா. அவன் போயி நெலம் சும்மா கெடக்குதேன்னு நாங்களே டிராக்டர் வுட்டு ஆழமா ரெண்டு ஓட்டு ஓட்டிட்டோம். மல்லாட்ட போட்டுக்க. காசெல்லாம் வாணாம். நல்லா இருக்குதா?" வேர்க்கடலையைத்தான் மல்லாட்டை என்றார்.

"நல்லா இருக்குது மாமா" என்றார் தேவகி.

ஏழுமலை அந்தண்டை போனதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. நிலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காரியம் முடியறவரைக்கும் நான் வாசப்படி தாண்டல சார். தாண்டியிருந்தா தடுத்திருப்பேன். இப்ப என்னான்னு சொல்றது? அவனுக்குச் செய்யறோம்னு அழுதுகினேதான் ஓட்டியிருப்பாங்க." குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். "எல்லாமே போயிடுச்சா சார்?"

எல்லாம் போகாது, கலப்பை தொடாத ஆழத்தில் இருப்பது இருக்கும், மேலே மூடி வைத்தால் மிச்சத்தையும் ஓரளவு காப்பாற்றலாம் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தேவகி குரல் கொடுத்தார். "மாமா, உங்க களத்துல வைக்கோல் இருக்குதா?"

"மாட்டுக்கா?"

"நெலத்துக்கு."

ஏழுமலை ஒன்றும் புரியாமல் பார்த்தார். ஆனாலும் கேள்வி கேட்காமல் டிராக்டரை எடுக்கப் போனார். மத்தியானம்வரை மூவரும் பரப்பியும் கால்வாசி நிலம்கூட மூடவில்லை.

சென்னையில் என் அடுக்குமாடியில் சாவு விழுந்தால், லிஃப்டில் கொஞ்ச நாள் மெதுவாகப் பேசுவோம். இப்படி வந்து கெடுத்துவைக்கும் அளவுக்கு யாரும் யாருக்கும் நெருக்கமில்லை.