ஹவில்தாரின் காது எங்கே போனது?

படையில் சேரும்போது உடம்பில் குறை இருந்ததாகப் பதிவு இல்லை. பணிக்காலத்தில் குறை வருகிறது. அப்படியானால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை படைவீரர் மேல் இல்லை. சந்தேகம் வந்தால் பலன் அவருக்கே.

ராணுவ ஊன ஓய்வூதிய விதி இது. நல்ல விதி. ஒரே ஒரு சிக்கல்... யாராவது அதைப் படிக்க வேண்டும்.

திண்டிவனத்தில் என் எதிர்வீட்டுக்காரர் ஏழுமலை. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பீரங்கிப் படையில் காலமெல்லாம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியபோது பெட்டி வந்தது, பதக்கம் வந்தது, காது வரவில்லை. கேட்காதது போதாதென்று காதுக்குள் ஓயாத இரைச்சல் வேறு. “உள்ள ஒரு ரைஸ் மில்லு ஓடிக்கினே இருக்குது சார். கரண்ட்டு கட்டானாகூட நிக்க மாட்டேங்குது” என்பார்.

ஓய்வின்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் குறை பதிவானது. ஆனால் அதன் கீழேயே ஒரு வரி – ‘பணிக்குத் தொடர்பில்லாதது.’ காரணம்? ஆண்டுதோறும் நடந்த பரிசோதனைகளில் காது நன்றாக இருந்ததாம்.

ஏழுமலை அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். “அப்ப என் காது எங்க சார் போச்சி? எங்க அப்பன் கரும்புக் கொல்லையிலயா?”

“அப்பீல் போடலாம். பணமும் வரும்” என்றேன்.

“பணம் வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். அந்த ஒரு வரி மாறணும் சார். மச்சான் கேக்கறான் – பட்டாளத்துல சமையல்கட்டுல இருந்தியான்னு.”

நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். வாழ்நாளெல்லாம் பில்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு, திரும்பி வராதபடி எழுதவும் தெரியும் அல்லவா? விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் முதல் மேல்முறையீட்டைக் கொடுத்தோம். விதியை வரி பிசகாமல் எடுத்து எழுதியிருந்தேன்.

பதில் வந்தது. அதே வரி. தேதி மட்டும் புதிது.

இரண்டாவது மேல்முறையீடு செய்தோம். இந்த முறை யாரோ ஒரு புண்ணியவான் படித்திருக்கிறார். சென்னையில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பு! ஏழுமலை, அவர் மனைவி அஞ்சலை, நான் – மூவரும் கிளம்பினோம். மனிதர் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, மீசையை முறுக்கி, பதக்கத்தையும் குத்திக்கொண்டு வந்தார். ஊனத்தை நிரூபிக்கப் போகிறவர் போலவா இருந்தார்? மறுபடி ஆளெடுப்புக்குப் போகிறவர் போல இருந்தார்.

சீருடை அணிந்த பெண் டாக்டர். ஏழுமலையைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே எந்திரத்தின் முன்னால் டாக்டர். அவர் பின்னால் பெஞ்சில் நாங்கள் இருவரும்.

ஏழுமலை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். விடாமல் அமுக்கினார்.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “நல்லாத்தானே கேக்குது?”

இது தோற்றால் இனி எந்தப் படியில் ஏறுவது? மேல்முறையீட்டின் எல்லாக் கதவும் எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவரே கதவைச் சாத்தினால்...?

அஞ்சலை எழுந்தார். “டாக்டரம்மா, அவரு காதால கேக்கல. கண்ணால கேக்கறாரு. ஒங்க கை அசையறதப் பாத்துக்கினு அமுக்கறாரு. வூட்லயும் இதே பேஜாருதான். நான் வாயைப் பொத்திக்கினு திட்னா ஒண்ணும் தெரியாது. நாற்காலிய அந்தாண்ட திருப்பிப் போடுங்க!”

டாக்டர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பச் செய்தார். பரிசோதனை முதலிலிருந்து தொடங்கியது.

ஏழுமலையின் கட்டைவிரல் அசையவில்லை. டாக்டர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். கஞ்சி போட்ட முதுகு மட்டும் விறைப்பாக இருந்தது. பாவம், ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்க முயன்றார். “திரும்பாதய்யா!” என்று அஞ்சலை கத்தினார். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தவரிடம் டாக்டர் நேருக்கு நேர் நின்று நிதானமாகக் கேட்டார்: “வருஷா வருஷம் இப்படித்தான் பாஸ் பண்ணீங்களா?”

“ஆமாங்க மேடம். சத்தம் வெச்சுப் பாத்தா கையப் பாப்பேன். பேசிப் பாத்தா ஒதட்டப் பாப்பேன்.”

“ஏன்?”

“காது போச்சின்னு தெரிஞ்சா பீரங்கிய வுட்டு ஸ்டோர்ல குந்த வெச்சிடுவாங்க. என் பீரங்கிய வேற எவன் கையிலயோ குடுத்துட்டு நான் சாக்கு எண்ணிக்கினு இருக்கறதா?”

“சரி, இன்னிக்கு ஏன்?”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “டெஸ்ட்டுன்னதும் கை தானா அமுக்குது மேடம். ஃபெயிலாகிப் பழக்கமில்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. ஏழுமலை சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் அஞ்சலை விடவில்லை. “இன்னா ஆளுய்யா நீ! செவுடுன்னு சொல்லத்தான கூப்ட்டாங்க? அதுலயும் போயி மார்க் வாங்கறியே!” ஏழுமலை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு, திட்டு முழுவதையும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. விதி எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறவர்களை எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். இல்லாத வலியைச் சொல்கிறவன், வயதைக் குறைக்கிறவன், வேறொருவன் எக்ஸ்ரேயைக் கொண்டுவருகிறவன் – எல்லாருக்கும் ஒரு பிரிவு உண்டு. வேலையை விட மனமில்லாமல், இருக்கிற குறையை இல்லை என்று சாதிப்பவனுக்கு ஒரு பிரிவும் இல்லை. கருவூலத்தில் என் மேஜைக்கு அப்படி ஒருவர்கூட வந்ததில்லை. எதிர்வீட்டில் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். தெருவில் அவரைத் தாண்டிப் போகும்போது இப்போதெல்லாம் நானும் நிமிர்ந்து நடக்கிறேன்.

கடைசியில் பதில் வந்தது. ஏழுமலை உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். படித்தேன்: ‘செவித்திறன் இழப்பு ராணுவப் பணியின் காரணமாக ஏற்பட்டது.’

“கத்திப் படிங்க சார்! தெருவுக்கே கேக்கட்டும்” என்றார் அஞ்சலை.

கத்தினேன். நான்கு வீட்டுக் கதவுகள் திறந்தன. ஏழுமலை குதிகால் சேர்த்து நின்றார்.

பழக்கதோஷம் விடுமா? தாளின் மூலையில் பேனாவால் குறித்தேன்: வரப்பெற்றது – ஜூன் 17, செவ்வாய்.