நகராமல் நின்ற புள்ளி

பிள்ளைகளே, மேசைக்குக் காற்றடிக்கிற வேலையும் உங்கள் அப்பா நான் செய்திருக்கிறேன். சைக்கிளுக்கு அடிப்பது போலத்தான். அந்த மேசையின் நான்கு கால்களுக்குள்ளும் காற்று நிறைந்து நின்றால்தான், ரோட்டில் லாரி போகிற அதிர்வு மேலே இருக்கும் மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மேசைக்குக் காத்தடிக்கவா சம்பளம் குடுக்குறாங்க?" என்று சிரித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் இருக்கும். பெரியவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். கொடைக்கானலில் ஒரு பழைய கல் பங்களாவில் செடிகளின் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. அங்கே நான் வயர்மேன். தற்காலிக வேலைதான். பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது கிடைத்ததே பெரிது.

அங்கே ஆராய்ச்சி செய்த விஞ்ஞானியம்மாவை நாங்கள் மேடம் என்போம். மலைவாழையில் வரும் முடிக்கொத்து நோயைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நோய் வந்தால் இலையெல்லாம் உச்சியில் விறைத்துக் கொத்தாக நின்றுவிடும், வாழை தார் போடாது. பெரும்பாறையில் உங்கள் தாத்தா, அதாவது உங்கள் அம்மாவின் அப்பா, வைத்திருந்த வாழை அப்படித்தான் போனது. இருந்ததையெல்லாம் வெட்டிக் கொளுத்திவிட்டு அய்யம்பாளையத்துக்கு இறங்கிக் கூலி வேலைக்குப் போனார். அதனால் அந்தக் கிருமி இலைக்குள் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க ஒரு மெஷின் வருகிறது என்றதும், என் சொந்தச் சோலி போல ஓடி ஓடி வேலை செய்தேன். எர்த் கம்பி இழுத்தேன், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தேன், யூ.பி.எஸ். மாட்டினேன்.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாதது இதில் மட்டும் எப்படித் தெரியும்? ஒரு சாயங்காலம் மேடம் வாசலில் நின்று, பெருமாள்மலைப் பக்கம் பனிக்குள் மங்கலாகத் தெரிந்த வெளிச்சத்தைக் காட்டிச் சொன்னார்.

"எல்லா வீட்டுலயும் லைட் எரியுறதால ஒரே திட்டாத் தெரியுது பாருங்க. எது எந்த வீடுன்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு வீட்டுல மட்டும் எரிஞ்சா, இந்த எடம்தான்னு விரல வச்சுச் சொல்லிறலாம். அது அணைஞ்சதும் அடுத்த வீடு. இப்படி ஒவ்வொண்ணாக் குறிச்சுக்கிட்டே போனா மொத்த ஊரும் தெளிவாக் கெடைச்சிரும். கிருமி மேல ஒட்டுற மாதிரி ஒரு சாயம் தடவி, லேசர் அடிச்சு, அத அப்படித்தான் மாறி மாறி மினுக்க வைக்கிறோம்."

"அப்ப குறிச்சு முடிக்கிற வரைக்கும் மலை நகரக் கூடாதுல்லங்க?" என்றேன்.

தேநீர் கொண்டுவந்த அக்கா குறுக்கே விழுந்தார். "மலை எங்க தம்பி நகரும்?"

"நம்ம மெஷினுக்குள்ள இருக்குற மலை நகருதே அக்கா, அதானே பிரச்சன" என்றார் மேடம்.

மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் கடலோர ஊர்க்காரர். சோதனைக்காக மிகச் சிறிய ஒளிரும் மணி ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார். திரையில் அது ஒரு புள்ளியாகத் தெரிந்தது. நிற்க வேண்டிய புள்ளி எறும்பு போல ஊர்ந்துகொண்டே இருந்தது. திருகெல்லாம் இறுக்கினார். என்னை மறுபடி காற்றடிக்கச் சொன்னார். எதற்கும் அது அடங்கவில்லை.

மேடம் அடுக்களைக்கு வந்து அக்காவிடமும் என்னிடமும் ஒளிக்காமல் சொன்னார்: "இவர் கெளம்புறதுக்குள்ள சரியாகலன்னா, மெஷினக் கீழ இருக்குற பெரிய ஆபீசுக்குக் கொண்டு போயிருவாங்க. அப்புறம் இந்த எடத்தையும் மூடிருவாங்க. சொல்லாம மறைக்கிறது சரியில்ல."

வீட்டுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்தபோது அதுதான் மனசுக்குள் ஓடியது. இந்த வேலை போனால் நாமும் கீழே இறங்க வேண்டியதுதான்.

தேநீர் போடும் அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. பெருமாள்மலையிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். வந்ததும் முன்னறைக் கணப்பில் சீகை விறகை அடுக்கித் தீ மூட்டுவார். "குளிர்ல வந்த மனுசருக்கு மொதல்ல தீ, பொறகுதான் தேத்தண்ணி" என்பார். மலையில் எல்லா வீட்டிலும் விருந்தாளிக்கு அதுதான் முதல் மரியாதை. இன்ஜினியர் வந்த பிறகு விறகு இரண்டு மடங்கானது. அவரும் குரங்குக் குல்லாயோடு கணப்பை விட்டு நகர மாட்டார்.

"தொரை, தீக்குள்ளயே எறங்கிராதீங்க" என்று அக்கா கேலி செய்வார்.

"எறங்கிருவேன்க்கா, எடந்தான் பத்தல."

அப்படி இருக்கையில் அக்கா ஒரு கல்யாணத்துக்காக அய்யம்பாளையம் போனார். அன்றைக்குத் தீயும் இல்லை, தேநீரும் இல்லை. இன்ஜினியர் முனகிக்கொண்டே மெஷினை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். புள்ளி அசையாமல் இருந்தது. அவர் மேசையை லேசாகத் தட்டினார். புள்ளி துள்ளிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பியது. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை, புள்ளிதான் நிற்கிறது!

"நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மேடம்.

"டீ வரல மேடம். வேற ஒண்ணுமில்ல" என்றார் இன்ஜினியர்.

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரில் சாய்ந்த மேடம், சட்டென்று திரும்பி அதைத் தொட்டுப் பார்த்தார். "எப்பவும் வெதுவெதுன்னு இருக்குற சுவர் இன்னைக்குச் சில்லுன்னு இருக்கே" என்றார். முன்னறைக் கணப்பின் புகைபோக்கி அந்தச் சுவருக்குள்தான் ஏறுகிறது. இன்ஜினியர் முன்னறைக்குப் போய் அணைந்து கிடந்த கணப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் குளிர்காஞ்சேன்னு நெனச்சேன் மேடம். மெஷினும் கூடச் சேந்து குளிர்காஞ்சிருக்கு."

சுவர் சூடேற ஏற அறையும் சூடேறி, மெஷினின் இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டிருக்கிறது. அந்த மெஷினுக்கு அதுவே மலை நகர்ந்த மாதிரி.

அக்கா திரும்பி வந்ததும் விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நாந்தான் மெஷினக் கெடுத்தேன்னு சொல்லு தம்பி."

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க தீ மூட்டலன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. சீசன் வெயில்லயும் அந்த ரூமு சுடத்தானே செய்யும்? அப்ப காரணம் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னிருப்போம்."

"அதெல்லாஞ் சரிம்மா. வந்த மனுசர நடுங்க விடுறதுக்கு எனக்கு மனசு கேக்கலையே."

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளி கொண்டுவந்தார். மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அவர் போர்த்திக்கொண்டது. அதை இன்ஜினியருக்குத் தலையோடு போர்த்திவிட்டார். "தொரை இப்பத்தான் தோட்டத்து ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார். அந்தக் கோலத்தில் உட்கார்ந்துதான் இன்ஜினியர் வாழை இலையைப் படமெடுத்தார்.

சிவப்புப் புள்ளிகள் ஒன்று மினுக்கி அணைய, இன்னோரிடத்தில் இன்னொன்று மினுக்கியது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் குறித்துச் சேர்த்ததும், இலை நரம்பின் ஓரமாகக் கிருமிகள் கும்பல் கும்பலாக அடைந்திருந்தது தெரிந்தது. மேடம் முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா குனிந்து பார்த்தார். "இம்புட்டுக்காண்டு இருந்துக்கிட்டா அம்புட்டு வாழையத் தின்னுச்சு?"

எனக்கு உங்கள் தாத்தாவின் தோட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது.

பெரிய ஆபீசிலிருந்து போன் வந்தபோது நாங்கள் கதவோரம் நின்றிருந்தோம். "இல்லங்க சார், நகரல. நிக்குது" என்றார் மேடம். பிறகு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் படம் நோயைத் தீர்த்துவிடவில்லை. தீர்த்தது என்று உங்களிடம் சொன்னால் பொய். ஆனால் மெஷின் மலையிலேயே இருந்தது, நாமும் இருந்தோம். பிற்பாடு மேடம் எழுதிப் போட்டு என் வேலையையும் நிரந்தரமாக்கினார்.

முன்னறைக் கணப்பில் அதன் பிறகு யாரும் தீ மூட்டவில்லை. குளிர் வந்தால் மேடம் முதல் நான் வரை எல்லோரும் பங்களாவின் மறுகோடியில் இருந்த அடுக்களையில் நெருக்கியடித்து உட்காருவோம். மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்து, நீங்கள் இருவரும் காலை நீட்டிக் காயவைத்த அடுப்பு அதுதான். உங்களைக் கண்டதும் அக்கா இன்னொரு விறகைத் தள்ளிவிடுவார். தேத்தண்ணி பிறகுதான் வரும்.