சிரிக்கக் கூடாத படம்

ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் படம் எடுத்தே இருபத்தாறு வருடம் குடும்பத்தை ஓட்டியவர். ஒரே பார்வையில் ஆளை எடை போட்டுவிடுவேன் என்பார். வாய் பொய் சொல்லும், முகம் சொல்லாது என்பது அவர் கட்சி. மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய அறையில் எந்த வாயும் பொய் சொன்னதில்லை, திறக்க விட்டால்தானே. ஸ்டூலில் உட்கார்ந்த உடனே தொடங்கிவிடுவார்: “சிரிக்காதீங்க. அசையாதீங்க. வாயை மூடுங்க.” ஒரு நாளைக்கு முப்பது முகம். எதுவும் மறுநாள் வரை நினைவில் நிற்காது.

அவர் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். முப்பது வயது. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் ஒரு சின்னப் படத்தை வைத்தாள்.

“கூட வேலை பாக்குறவர்ப்பா. கட்டிக்கிட்டா இவரைத்தான். ஆனா நீங்க சரின்னு சொல்லணும்.”

அவர் இடது கையால் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“வேண்டாம்மா.”

“ஏம்பா?”

“முறைப்பைப் பாரு. கல்லுளிமங்கன். வீட்டுல ஒரு தட்டு உடைஞ்சா ரெண்டு நாள் பேச மாட்டான்.”

“தட்டெல்லாம் தெரியுதா அதுல?” என்றாள் மனைவி.

“எனக்குத் தெரியும்.”

மகள் படத்தை வாங்கித் திருப்பி வைத்தாள். பின்பக்கம் ஊதா மையில் அவருடைய ஸ்டூடியோ முத்திரை. கீழே தேதி, அவர் கையெழுத்தில்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்ப எடுத்தவன்தான் சரியில்ல.”

அவர் மிச்சச் சாப்பாட்டை முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “நேர்ல பாக்காம எப்படிச் சொல்றது? அவசரப்படக் கூடாது,” என்றார், மற்றவர்கள் அவசரப்பட்டதைப் போல.

அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்கே வரச் சொன்னார். மகள் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தபோதே வந்தவன் வணக்கம் சொல்லி, நல்லபடியாகச் சிரித்தான். ஸ்டூடியோக்காரர் கையைக் காட்டினார். வருகிறவர்கள் உட்கார இருந்தது அந்த ஒரே ஸ்டூல். அதில் உட்கார்ந்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது, வாய் ஒட்டிக்கொண்டது. படத்தில் இருந்த அதே முறைப்பு. நான் சொன்னேனே என்று அவர் மகளைப் பார்த்தார். மகள் கைப்பையின் வாரைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?”

“பேசலாமா சார்?” என்று உதடு அதிகம் அசையாமல் கேட்டான் அவன். “போன தடவை ரெண்டு வாட்டி அதட்டுனீங்க.”

ஸ்டூடியோக்காரர் கேமராவைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் தரைக்குச் சரியாக எட்டவில்லை. கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

“அப்பா, அவரை முறைக்காதீங்க,” என்றாள் மகள்.

“யாரும்மா முறைச்சா? சரின்னு சொல்லத்தான் உட்கார்ந்தேன்,” என்றார் அவர். முகம் மட்டும் அப்படியே இருந்தது.