நடுவர் கழுத்தில் ஏலக்காய் மாலை

காலை எட்டரை மணிக்கு, நாய்ப் போட்டிக்கு வந்த நடுவர் கழுத்தில் ஏலக்காய் மாலையைப் போட்டது நான்தான். ஒன்பதே முக்காலுக்கு மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டதும் நான்தான். நாய்ப் பயிற்சிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "சார், உங்க அனுபவத்துல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். ஜெயித்த கதையைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோவார்கள். அதனால் நான் முட்டாளான கதையை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருக்கும்போதே நாய்களைப் பழக்க ஆரம்பித்து, இப்போது அதுவே முழுநேரச் சோலியாகிவிட்டது. எங்கள் ஊரான போடியில் நேரில் பார்த்தால் 'சார்' என்பார்கள், முதுகைத் திருப்பினால் 'நாய் வாத்தியார்' என்பார்கள். பேர் சரிதான். விசிலும் கோபமும் பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு கூடவே வந்துவிட்டன. பையன்களைவிட நாய்கள் விசிலுக்கு அதிக மரியாதை கொடுக்கின்றன. கோபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1. இவிட வா

தங்கமாரிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை. காலையில் உட்கார்ந்தால் பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று சாயங்காலம் வரை பொறுக்கிப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பு லேப்ரடார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். பெயர் ஜூலி. மலை மேல் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த மலையாளி ஒருவர் ஊர் மாறிப் போனபோது, அங்கே ஜீப் ஓட்டிய தங்கமாரியின் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன நாய் அது.

இருபதடி தள்ளி நின்று, "ஜூலி, கம்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வா" என்றேன். காதைச் சொறிந்தது. விசில் ஊதினேன். வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

"என்ன தாயி, செவிட்டு நாயப் பிடிச்சுக் கொண்டாந்திருக்க?"

"சும்மா இருங்கண்ணே, அதுக்கு நல்லாவே காது கேக்கும்" என்ற தங்கமாரி குனிந்து, "ஜூலீ, இவிட வா" என்றார்.

நாய் விழுந்தடித்து ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. மலையாளத்தில் வளர்ந்த நாய்க்கு நான் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்! போட்டிக் களத்தில் எந்த மொழியில் வேண்டுமானாலும் கட்டளை கொடுக்கலாம், சொல் மாறாமல் இருந்தால் போதும். அதனால் ஜூலிக்குக் கடைசி வரை 'இவிட வா'தான்.

"எதுக்கு தாயி உனக்குப் போட்டி? வீட்டுக் காவலுக்கு இருந்தாப் பத்தாதா?" என்று கேட்டேன்.

"அண்ணே, நான் அஞ்சாப்போட நின்னவ. எம்பேரு ரேசன் கார்டுல இருக்கு, ஆதார்ல இருக்கு, ஓட்டு லிஸ்டுல இருக்கு. பாஸ் பண்ணுனவன்னு ஒரு காகிதத்துலயும் இல்ல. நாயி பாஸ் பண்ணுனா, அதக் கூட்டிட்டுப் போனவுக பேரையும் சர்டிபிகேட்டுல எழுதுவாகளாமே? எம்மக செல்லுல பாத்துச் சொன்னா. அது ஒண்ணு எனக்கு வேணும்ணே. சொவத்துல மாட்டணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார்.

2. இடுக்கி

ஜூலி வேகமாகக் கற்றுக்கொண்டது. ஹீல் என்றால் இடது முழங்காலை ஒட்டி நடக்க வேண்டும். ஸ்டே என்றால் ஆள் போய்விட்டாலும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். மரத்தாலான டம்பெல்லைக் கவ்விக்கொண்டு தடையைத் தாண்டி வர வேண்டும். எல்லாம் செய்தது. போட்டியின் மேல் வகுப்பில் மூன்று ட்ரயலில், அதாவது மூன்று தேர்வுப் போட்டிகளில், பாஸ் செய்தால்தான் பட்டமும் சர்டிபிகேட்டும். மதுரையில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று என்று இரண்டு முடிந்தது. மூன்றாவதை எங்கள் ஊரிலேயே நடத்த ஏற்பாடு செய்தோம்.

இதற்கிடையில் ஜூலிக்கு எட்டு வயது முடிந்து இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தடவ தாண்டட்டும். இதுக்கு மேல தாண்ட விட்டீங்க, அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றார். தடை தாண்டாமல் பாஸ் கிடையாது. ஆக, தங்கமாரிக்கு இருந்தது இந்த ஒரே ட்ரயல்தான்.

இந்த வகுப்பில் கடினமானது வாசனை பிரித்தல். ஒரே மாதிரிப் பத்து மரக்கட்டைகள். அடியில் நம்பர் இருக்கும். ஹேண்ட்லர், அதாவது நாயைக் களத்தில் நடத்துகிறவர், ஒரு கட்டையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து கொடுப்பார். மற்ற ஒன்பதை ஸ்டீவர்ட், அதாவது களத்தில் நடுவருக்கு உதவியாக இருப்பவர், தன் கையால் தொட்டு அடுக்குவார். நாய் மோந்து பார்த்துத் தன் ஆள் தொட்ட கட்டையை மட்டும் கவ்வி வர வேண்டும். ஒரே கட்டளைதான். மாற்றிக் கொண்டுவந்தால் அவ்வளவுதான், ஃபெயில்.

நான் சுத்தம் பார்க்கிறவன். ஒன்பது கட்டைகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, கை படாமல் இடுக்கியால் எடுத்து வைப்பேன். 'இடுக்கி மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இடுக்கி இல்லாமல் வேலை செய்யலாமா' என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன். சாயங்காலம் தங்கமாரி ஸ்டோரிலிருந்து நேராக வந்து பத்தாவது கட்டையை உள்ளங்கையில் தேய்த்துக் கொடுப்பார். ஜூலி நேரே போகும். ஐந்து விநாடியில் அதைக் கவ்விக்கொண்டு திரும்பும். நான் மீசையை முறுக்கிக்கொள்வேன்.

3. மாலை

எங்கள் ஊருக்குப் பெரிய மனிதர் யார் வந்தாலும் ஏலக்காய் மாலை போடுவது வழக்கம். கல்யாண வீட்டிலும் போடுவோம், கட்சிக் கூட்டத்திலும் போடுவோம். ட்ரயலுக்கு நடுவராக வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ரோஜா மாலை போதும் என்று எங்கள் நாய் கிளப்பில் சொன்னார்கள். "போடிக்கு வந்தவருக்கு ரோஜா மாலையா? நாலு பேரு சிரிக்க மாட்டானா?" என்று சத்தம் போட்டு, நல்ல பச்சைக் காயாகப் பார்த்து மாலைக்கு ஆர்டர் கொடுத்தேன்.

நடுவருக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க, என்னமா மணக்குதுங்க! பூ மாலைன்னா பொழுது சாயறதுக்குள்ள வாடிப்போயிருமுங்க. இத ஊட்டுக்குக் கொண்டுபோனா ஒரு வருசம் பாயாசத்துக்கு ஆச்சுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாலையைக் கழற்றவே இல்லை. ஸ்டீவர்ட்டைக் கூப்பிட்டு நாலு காயைப் பிய்த்து அவர் கையிலும் கொடுத்தார்.

முதலில் மதுரையிலிருந்து வந்த அல்சேஷன் பாஸ். அடுத்து திண்டுக்கல் நாயும் பாஸ். அடுத்தது ஜூலி. அப்போதுதான் ஸ்டீவர்ட்டைக் கவனித்தேன். பாக்கெட்டிலிருந்து ஒரு காயை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வாயில் போட்டு மென்றார். அதே கையால் ஒன்பது கட்டைகளையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. இத்தனை நாளும் மைதானத்தில் நான் என்ன செய்திருக்கிறேன்? ஒன்பது கட்டையில் ஒரு வாசனையும் இல்லை, தங்கமாரி தேய்த்த ஒரு கட்டையில் மட்டும் ஏலக்காய். அந்தக் கட்டையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நானே எடுத்து வந்திருப்பேன். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் வேறு யார் கையிலும் ஏலக்காய் இல்லை, அதனால் பாஸ். தங்கமாரியைத் தேடு என்று சொல்லிக்கொடுப்பதாக நினைத்து, ஏலக்காயைத் தேடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது பத்துக் கட்டையிலும் ஏலக்காய். வெளியூர் நாய்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. மாட்டிக்கொண்டது எங்கள் ஊர் நாய் மட்டும்தான்.

ஓடிப்போய் நடுவரிடம் சொன்னேன். "சார், ஸ்டீவர்ட் கையெல்லாம் ஏலக்கா வாசனை. கையக் கழுவிட்டு வேற கட்டை வைக்கச் சொல்லுங்க."

"மாலைய நீங்கதானுங்களே போட்டீங்க?"

"ஆமா சார்."

"முன்னாடி ரெண்டு நாயும் இதே கட்டையிலதானுங்க தேடுச்சு. நடுவுல மாத்துனா நாயமா சொல்லுங்க? அதுவுமில்லாம, நாயி தேட வேண்டியது ஆளோட வாசனையத்தானுங்க. நீங்க ஏலக்காயத் தேடவா சொல்லிக் குடுத்தீங்க?"

உண்மையான பதில் 'ஆமாம்' என்பதுதான். எப்படிச் சொல்வேன்? மரத்தடிக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு கயிற்றோரம் காத்திருந்த தங்கமாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானாண்ணே? நான் என்னமோன்னு பயந்துட்டேன். விடுங்க."

"என்ன விடுங்க? புரியுதா இல்லையா உனக்கு? பத்துலயும் ஏலக்கா! நாயி தோத்துரும் தாயி!" கத்தியே விட்டேன்.

"பேரு கூப்புடுறாகண்ணே. வர்றேன்" என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4. பத்துக் கட்டை

ஹீல் சுத்தமாக இருந்தது. 'இவிட வா' என்றதும் கூட்டம் சிரித்தது, ஜூலி வந்து உட்கார்ந்ததும் கை தட்டியது. டம்பெல்லைக் கவ்விக்கொண்டு தடையையும் தாண்டிவிட்டது. இறங்கும்போது பின்னங்கால் கொஞ்சம் மடங்கியது, ஆனால் விழவில்லை.

பிறகு கட்டைகள். தங்கமாரி ஒன்றைப் பொத்தி வைத்திருந்து கொடுத்தார். "தேடிக் கொண்டா" என்றார். ஐந்து விநாடியில் திரும்புகிற நாய் அன்றைக்கு முதல் கட்டையிலேயே நின்றுவிட்டது. மோந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று பத்தையும் மோந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. பிறகு தலையைத் தூக்கித் தங்கமாரியைப் பார்த்தது.

இன்னொரு முறை சொல்லக் கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. தங்கமாரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிலை மாதிரி நின்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? பயம் பாதி, வெட்கம் பாதி. அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு காகிதம். அதையும் மாலை போட்டுக் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது.

ஜூலி ஏழாவது கட்டைக்குப் போனது. நிதானமாக மோந்தது. எட்டாவதுக்குப் போய் மோந்துவிட்டு, சட்டென்று ஏழாவதுக்கே திரும்பி அதைக் கவ்வியது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து தங்கமாரி முன்னால் உட்கார்ந்தது.

ஸ்டீவர்ட் கட்டையைத் திருப்பி நம்பரைப் படித்தார். நடுவர் நோட்டைப் பார்த்தார்.

"கரெக்டுங்க. பாஸ்!"

தங்கமாரியோடு காய் பொறுக்குகிற பெண்கள் ஒரு ஜீப்பு லோடு வந்திருந்தார்கள். அவர்கள் போட்ட குலவையில் திண்டுக்கல் நாய் பயந்துபோய்த் தன் ஆளின் காலுக்கு நடுவில் புகுந்துகொண்டது. தங்கமாரி தரையில் உட்கார்ந்து ஜூலியைக் கட்டிக்கொண்டு, "ஆத்தாடி, எந்தங்கம்!" என்று அழுதார்.

5. சொன்னா வைவீங்க

"எப்புடி தாயி?" என்றேன்.

தங்கமாரி கூட வந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். வையக் கூடாது."

"சொல்லு."

"ஸ்டோரு வாசல்ல முப்பது பேரு செருப்பு கெடக்கும்ணே. எல்லாம் அதே ஊதா ரப்பர் செருப்பு. சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு ஜூலியக் கூட்டிட்டு வருவாரு. நான் வாசல்ல நின்னுக்கிட்டு, 'எஞ்செருப்பக் கொண்டா'ம்பேன். சும்மா வெளாட்டுக்குத்தான். மொதல்ல மல்லிகா செருப்பத் தூக்கிட்டு வந்துச்சு, ஒரே சிரிப்பாணி. பெறகு ஒருநாளும் தப்பு பண்ணல. ரெண்டு வருசமா தெனமும் நடக்குது."

முப்பது பெண்கள். முப்பது செருப்பிலும் ஏலக்காய்த் தூசி. அதற்குள் தன் ஆளின் வாசனையைத் தினமும் தேடி எடுத்த நாய்க்கு, பத்துக் கட்டை என்ன பெரிய விஷயம்? நான் மைதானத்தில் ஏலக்காயைக் கற்றுக்கொடுத்தேன். தங்கமாரி ஸ்டோர் வாசலில் தங்கமாரியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"அட, இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"செருப்பக் கவ்வ விட்டா டம்பெல் பழக்கம் கெட்டுப்போகும்னு, தேவாரம் ஊர்ல இருந்து நாயக் கூட்டிட்டு வந்தவர அத்தன பேருக்கு முன்னால வஞ்சீங்கள்ல? பாவம், அவரு அதுக்குப் பெறகு வரவே இல்ல. சொன்னா என்னையும் வைவீங்கன்னுதான் சொல்லலண்ணே."

ஊரில் முப்பது பேருக்குத் தெரிந்த விஷயம், வாத்தியார் ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை. யாரும் மறைக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். தேவாரத்துக்காரர் இன்னும் என்னவெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தாரோ, யார் கண்டது?

இப்போது இடுக்கி எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. பயிற்சிக் கட்டைகளை நாலு பேர் தொட்டுத்தான் அடுக்குகிறோம், அதில் இரண்டு பேராவது காய் பொறுக்குகிறவர்கள். நாயோடு யார் வந்தாலும் விசிலை எடுப்பதற்கு முன்னால், "வீட்டுல இதோட என்ன வெளாட்டு வெளாடுவீங்க?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாய்க்கு ஸ்டே பழக்குவதைவிட எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குச் சர்டிபிகேட் எழுதும்போது ஸ்டீவர்ட், "ட்ரெயினர் பேரு சொல்லுங்க சார்" என்றார்.

"தங்கமாரி."

"அது ஹேண்ட்லர் பேரு சார். எழுதியாச்சு."

"அதேதான். அங்கயும் அதையே எழுதுங்க."

தங்கமாரி காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மாறியது. பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, எம்பேர ரெண்டு எடத்துல எழுதிப்புட்டாக. ஒண்ண அடிக்கச் சொல்லவா?"

"அடிச்சே, வஞ்சுபுடுவேன்" என்றேன்.