ஏரி கரித்த காலை

விரல்நுனியைத் தோய்த்து நாக்கில் வைத்தால் ஏரித்தண்ணீர் சப்பென்றிருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்காரர்கள் எல்லோரும் பல் துலக்கும் முன்பே செய்து பார்க்கும் சோதனை அது. அந்த வருட மழையில் ஆறுகள் கொண்டுவந்த நல்ல தண்ணீர் ஏரியை விளிம்புவரை நிரப்பியிருக்க, கடலோ முகத்துவாரத்தில் மணலைக் குவித்து வாயை மூடிவிட்டிருந்தது. வாய் திறந்து கடல் உள்ளே வந்தால்தான் அதனோடு கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சுகள் வரும். அவை சேற்றில் மேய்ந்து பெரிதாகும். இறாலைத் தேடி மீன் வரும், மீனைத் தேடிக் கூழைக்கடாப் பறவை வரும், எங்கள் வீட்டிலும் உலை கொதிக்கும். பின்னாளில் பள்ளியில் "உணவுச் சங்கிலி" என்று படம் வரைந்து காட்டியபோது, இதில் முகத்துவாரத்தைக் காணோமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

முந்தின வருடமும் இறால் பொய்த்திருந்தது. "இந்த தபாவும் உப்பு ஏறலன்னா படக வித்துட்டு கும்முடிப்பூண்டி கம்பெனிக்குப் பூடுவேன்" என்று நைனா சொல்லிவிட்டார். ஏரி இல்லாத ஊரில் காலையில் எழுந்து எதை நக்கிப் பார்ப்பது என்பது என் கவலை. அதனால் சுற்றுக் குப்பங்கள் சேர்ந்து முகத்துவாரத்தை வெட்டுவதென்று முடிவானதும், அம்மாவின் கூடையைப் பறித்துக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறினேன்.

ஆண்கள் மண்வெட்டியால் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் மணலை வாரி ஓரத்தில் கொட்ட, கால்வாய் கடலைத் தொட்டது. ஏரிப்பக்கம் வரப்பளவு மணல் மட்டும் மிச்சம். அதை உடைக்கக் கடல் வற்றும் நேரம்வரை பொறுக்க வேண்டும். அப்போதுதான் ஏரி மேட்டிலும் கடல் பள்ளத்திலும் நிற்கும், பாய்கிற தண்ணீரே வாயை அகலமாக அறுத்துக்கொள்ளும். நைனாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. கடல் ஏறிக்கொண்டிருக்கும்போதே உடைத்துவிட்டார். தண்ணீர் தயங்கித் தயங்கி நகர்வதற்குள் அலைகள் உள்ளே புகுந்து, நாங்கள் வாரிக் கொட்டிய மணலையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயின.

"கடலு இன்னா உன் மச்சானா, நீ கூப்ட்ட நேரத்துக்கு வர?" என்றாள் அம்மா. மணல்மேடே சிரித்தது.

"சிரிச்சிக்கினு நிக்காதமே, கூடைய எடு" என்றார் நைனா. அவர் குரலில் பயம் இருந்தது.

மறுபடியும் வெட்டினோம். வெயில் சாயும் நேரத்தில் அலை பின்வாங்கத் தொடங்கியது. நைனா மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தார். அவளோ ஈர மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவா?"

"இரு."

"மே, இப்பவா?"

"இருய்யா... ஆங், இப்ப போடு!"

முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடியது. பிறகு இரண்டு கரையும் பொத்துப் பொத்தென்று சரிந்து விழ, ஏரியே எழுந்து ஓடுவது போல ஓர் இரைச்சல் கிளம்பியது. "ஓடு! கால வாரிக்கும்!" என்று யாரோ கத்தினார்கள், நான் ஓடினேன், கூடை கடலுக்குப் போயிற்று, அதற்காக ஒருவரும் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் காலை, ஏறிய கடல் எங்கள் படகுத்துறைவரை வந்துவிட்டது. விரலைத் தோய்த்த நைனா நம்பாமல் கைநிறைய அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டு புரையேறி இருமினார். "இன்னாமே, கரிக்குது!" குப்பம் முழுக்க விரல் சூப்பிக்கொண்டு குதித்தது.

நைனா கம்பெனிக்குப் போகவில்லை. படித்து முடித்துக் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போனவள் நான்தான், அதற்குப் பக்கத்து ஊரான புதுவாயலில் குடியிருக்கிறேன். இப்போது முகத்துவாரத்தை இயந்திரம் தூர்வாருகிறது. கூடைகளோடு கூடிய அந்தக் கூட்டம் இல்லை, கால்வாயைப் பார்த்து ஓங்கிய மண்வெட்டிகளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஏதோ ஒரு காலையில் அம்மா போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை.

"கரிக்குதுடி!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுகிறேன்.