வாளிக்குள் உறைந்த பிள்ளையார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் அதிகம் படித்தவள் அல்ல. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தமிழ் என்றால் அம்மாவிடமும் தேவாரப் புத்தகத்திலும் படித்ததுதான். அதைவிடப் பெரிய தயக்கம், இந்தக் கதை எனக்கு முன்பே ஊரெல்லாம் போய்விட்டது. ஒருமுறை கோவிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற அன்ரி ஒருவர் ஆள் தெரியாமல் என் கதையை எனக்கே சொன்னார். அதில் ஒரு யானை வந்தது. இந்தப் பங்குனியில், ஓடைகளுக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று போனில் எச்சரிக்கை வந்தபோது எல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. இனியும் பேசாமல் இருந்தால் அடுத்த வருடம் அந்த யானைக்குச் சிறகும் முளைத்துவிடும் என்று பயந்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கனடாவில், மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அம்மாவின் ஒரே தம்பி, அதாவது என் மாமா, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கனடாவுக்கென்று புறப்பட்டு, பாதி வழியில் மலையும் பனியுமான ஏதோவொரு நாட்டில் நின்றார். எந்த நாடு என்று அவருக்கே சரியாகத் தெரியாது. மார்கழியில் ஒருநாள் போன் எடுத்தார். பேசி முடித்த அம்மா, போனை வைக்காமல் கையில் பிடித்தபடியே அப்பாவிடம் சொன்னார்.

"எல்லை மலைக்கு அங்காலையாம். இப்ப இடுப்பளவு பனியாம். உருகினாப்பிறகு ஒரு ஆத்தைக் கடந்து கூட்டிக்கொண்டு போவினமாம்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு வேண்டுதல் ஒன்றுதான். பனி உருகவேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பார். அறுகம்புல் எல்லாம் பனிக்குக் கீழே கிடந்தபடியால், கடையில் வாங்கிய கொத்தமல்லி இலையை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிள்ளையாரின் தலையில் செருகுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அங்க கெதியா உருக்கிவிடப்பா" என்பார். கூடவே, இங்கேயும் உருகட்டும் என்று நான் எனக்காகச் சேர்த்துக்கொள்வேன். எனக்குச் சைக்கிள் ஓடவேண்டியிருந்தது.

பூசை முடிந்த பிள்ளையாரைக் குப்பையில் போடக்கூடாது. கால் படாத இடத்தில் செடியடியில் இடவேண்டும், இல்லையென்றால் ஓடும் தண்ணீரில் விடவேண்டும். பனி மூடிய மாரிகாலத்தில் செடிக்கு எங்கே போவது, ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் அப்பா வேலைசெய்த உணவகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளை வாளி பல்கனியில் இருந்தது. பிள்ளையார், வாடிய பூ, வெற்றிலை, கும்பத்துத் தண்ணீர் எல்லாம் அதற்குள் போகும். மூடியை அழுத்திச் சாத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்" என்று அம்மா வாளியோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

பங்குனியில் திடீரென்று வெப்பம் வந்தது. கூடவே இரண்டு நாள் மழை. தெரு ஓரத்துப் பனிக்குவியல்கள் கறுத்து இளகின. சனிக்கிழமை காலை, கிறீக்கில், அதாவது பக்கத்து ஓடையில், விடவென்று அம்மா வாளியைப் பல்கனியிலிருந்து இழுத்து எடுத்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

"அம்மா, ரீச்சர் சொன்னவ, கிறீக்குக்குக் கிட்டப் போகக்கூடாதாம். ஐஸ் உடைச்சுக்கொண்டு வருமாம்," என்றேன்.

"நாங்கள் என்ன குளிக்கவே போறம்? விட்டுட்டு வாறதுதானே," என்றார் அம்மா.

சித்தப்பா கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு சொன்னார். "உவையள் வெயிலடிச்சாலும் எச்சரிக்கை, மழை பெஞ்சாலும் எச்சரிக்கை. ஒரு கும்பிடு, ஒரு ஊத்து. தேத்தண்ணி ஆற முதல் திரும்பிடலாம். பிள்ளை, அந்த பிளாஸ்கை எடு."

எங்கள் பக்கத்தில் மலை இல்லை. ஆனால் பள்ளம் இருக்கிறது. பூங்காவின் கார் நிறுத்துமிடத்திலிருந்து சரிவில் இறங்கினால், கீழே ஓடையும் அதற்கு மேலே ஒரு மரப்பாலமும். சரிவின் பாதியில் ஒரு மேசையும், உட்கார ஒரு வாங்கும் போட்டிருக்கும். சேலைக்கு மேலே ஜக்கெற்றும் காலில் பூட்ஸும் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் இறங்கினார். வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு சித்தப்பா. பிளாஸ்க் என்னிடம்.

ஓடை நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் பெரிய பெரிய பனிக்கட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் சத்தமே இல்லாமல் தேங்கி, கரைப் புல்லின் மேல் ஏறியிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் மெல்லிய ஓட்டம் தெரிந்தது.

"இது நிக்கிற தண்ணி. ஓடுற தண்ணியெல்லோ வேணும்," என்று அம்மா கையைக் காட்டினார். "பாலத்தின்ர நடுவில நிண்டு, அங்கால பக்கம் ஊத்துவம்."

சித்தப்பா மூச்சு வாங்குவதற்காக வாளியை மேசையில் வைத்து, அப்படியே மூடியையும் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணி, பிள்ளையார் இறங்கமாட்டாராம்."

மாரிகாலம் முழுக்க வெயில் படாத பல்கனியில் இருந்த வாளி அல்லவா. எல்லாம் ஒரே கட்டி. மஞ்சள் நிறத்தில், இடையிடையே செவ்வரத்தம்பூவும் கொத்தமல்லியும் தெரிய, கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. இவ்வளவு பக்தியோடு சேர்த்து வைத்த மூன்று பேருக்கும், இரண்டு நாள் வெப்பத்துக்கு அது இளகாது என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. சித்தப்பா வாளியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். அசையவில்லை.

"தேத்தண்ணியை ஊத்திப் பாப்பமோ?"

"பிள்ளையாருக்கோ? உமக்கென்ன விசரே?"

"பாலும் இருக்கு, சீனியும் இருக்கு. அபிஷேகம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோவன்."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாங்கில் இருந்தார். ஜக்கெற்றின் சிப்பைத் திறந்து, வாளியை மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்து, ஜக்கெற்றால் மூடிக்கொண்டார். "கொஞ்ச நேரத்தில இளகும்," என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படி வைத்திருப்பாரோ, அப்படித்தான் வைத்திருந்தார். சித்தப்பா தேநீரை எங்களுக்கு ஊற்றினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறியில் இருந்து கல்லைக் கொட்டுவது போல. அடைத்து நின்ற பனிக்கட்டிகள் ஒருமுறை நிமிர்ந்தன. பிறகு எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. குளிர்பெட்டி அளவு கட்டிகள் பாலத்தில் மோதின. பாலம் நடுவில் உயர்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, தண்ணீருக்குள் போனது. போனது என்று எழுதும் நேரம்கூட எடுக்கவில்லை. தண்ணீர் சரிவில் எங்கள் பக்கம் ஏறி வந்தது. அம்மா வாளியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார். சித்தப்பா வாளியைத் தூக்கினார். பிளாஸ்க் போய்விட்டது.

மேலே ஏறிக் காருக்குப் பக்கத்தில் நின்று மூவரும் திரும்பிப் பார்த்தோம். மேசையின் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"காப்பாத்திப்போட்டார் பிள்ளையார்," என்றார் சித்தப்பா. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. வாளி இளகியிருந்தால் நாங்கள் பாலத்தில் நின்றிருப்போம்.

ஆனால் அம்மா கும்பிடவில்லை. காருக்குள் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியில் இருந்த வாளியின் விளிம்பில் நெற்றியை வைத்துச் சொன்னார்.

"அங்க உருக்கவேண்டாம் அப்பனே. இந்த வருஷம் உருகவே வேண்டாம். பனி அப்பிடியே கிடக்கட்டும்."

"அப்ப மாமா எப்பிடியம்மா வாறது?" என்று கேட்டேன். அம்மா வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எல்லாவற்றுக்கும் பகிடி விடும் சித்தப்பா, மழை விட்டுப்போயிருந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டார்.

எனக்கு அம்மாவின் மேல் கோபம்தான் வந்தது. ஒரு மாரிகாலம் முழுக்கக் கேட்ட வரத்தைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து மாற்றிக் கேட்டால், பிள்ளையாருக்குக் குழப்பமாக இருக்காதா? இனிச் சைக்கிள் எப்போது ஓடுவது? அம்மா அங்கே நின்று பார்த்தது எந்த ஆறு என்று விளங்குவதற்கு, நானும் ஒரு பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி வந்தது.

வாளி வீட்டுக்குள் இருந்து மெல்ல உருகியது. அம்மா அதை ஓடைக்குக் கொண்டுபோகவில்லை. கட்டடத்தின் பின்னால் நின்ற மேப்பிள் மரத்தின் அடியில் ஊற்றினார். அன்றைக்குப் பிள்ளையாரிடம் எதையும் கேட்கவில்லை.

இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். பனி உருகும் நாட்களில் பிள்ளைகளை ஓடைக்குக் கிட்ட விடாதீர்கள் என்பதற்காகவாவது சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். யானை வரவில்லை. அது சிறிய விஷயம். அன்று பின்னேரமே மாமாவிடமிருந்து போன் வந்தது என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதைத்தான் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போன் வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அம்மா இப்போதும் என்னோடுதான் இருக்கிறார், இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் குழைக்கிறார். வீட்டுக்கு வருபவர்கள் யாராவது நல்லெண்ணத்தில், "அண்டைக்கே போன் வந்ததாமே அம்மா," என்று சொன்னால், அவர் போன் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.