வெள்ளிக்கிழமைச் சட்டி

எங்கள் குசினி அடுப்படியில் ஒரு மண்சட்டி தனியாக இருந்தது. அதில் மீன் பட்டதில்லை, முட்டை பட்டதில்லை. கிழமை முழுவதும் சுவர்த் தட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்புக்கு இறங்கும். எங்கள் சட்டி விளிம்பு உடைந்தாலும் அம்மா அதிலேயே குழம்பு வைப்பார். அந்தச் சட்டியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அடுத்த நாளே பண்டத்தரிப்புச் சந்தையில் புதிது வாங்கிவிடுவார். அது முத்துக்குமாருவின் சட்டி.

என் அம்மா கத்தரீனாவைப் புண்ணியவதி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மாதா கோயிலில் சுவாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வரும், வயிறு பற்றி எரியும். புண்ணியவதியைத் தூரத்தில் நின்று பார்ப்பது சுகம். அவருக்கு மகளாக இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் குறிச்சியில் பாதிப் பேர் எங்களைப்போல வேதக்காரர், பாதிப் பேர் முத்துக்குமாரு வீட்டாரைப்போல சைவர். கிணறு மட்டும் பொது. எங்கள் புகையிலைத் தோட்டத்துக்கும் முத்துக்குமாரு வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரே பங்குக் கிணறு. வெள்ளிக்கிழமை தண்ணீர் இறைப்பது எங்கள் முறை, சனிக்கிழமை அவர்கள் முறை. எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு செத்துப்போனதால் எங்கள் வீட்டுக்கு ஆம்பிளை என்று இருந்தவர் அண்ணை அடைக்கலநாதன்தான். அண்ணையும் முத்துக்குமாருவும் ஒரே வயது, தோழன்மார். எங்கள் முறைக்கு அவன் வருவான், அவனுடைய முறைக்கு அண்ணை போவார்.

இப்போது மிசின் வைத்து இறைக்கிறவர்களுக்கு அந்த வேலை தெரியாது. கிணற்றடியில் ஆடுகால் என்ற கவைத் தூணில் பொருத்திய நீண்ட துலா மரம். ஒருவர் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே நிற்பவர் துலா நுனியில் கட்டிய கொடிக் கயிற்றைப் பிடித்து ஓலைப் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீர் மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நடப்பவருடைய உயிர் கீழே நிற்பவருடைய கையில் இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அண்ணை துலாவில். முத்துக்குமாரு கொடியைப் பிடித்து நின்றான். நான் மண்வெட்டியோடு வாய்க்காலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். அண்ணை கிணற்றுப் பக்கமாக நடந்து வருகிறார், இவன் கொடியை இழுத்து இறக்குகிறான். அந்த நேரம் பார்த்து இவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்தது. பருவப்பெண் ஒருத்தி எதிரே நிற்கிறாளே என்ற வெட்கத்தில் கொடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்தான். துலா துள்ளி எழும்பியது. அண்ணை கிணற்றுக் கட்டில் தலை அடிபட விழுந்தார். ஆசுப்பத்திரிக்கென்று காரில் ஏற்றி மானிப்பாய் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அங்கே நின்றதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுடைய நாக்கு மிஞ்சியிருக்காது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அம்மா "கை தவறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அம்மாவும் மனுசிதானே. பின்னேரங்களில் செபமாலை சொல்லும்போது பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை மன்னித்துப் பொறுக்கிற இடம் வரும். அந்த இடத்தில் அம்மாவின் சத்தம் நின்றுவிடும். நான் தனியாகச் சொல்லி முடிப்பேன், பிறகு அம்மா சேர்ந்துகொள்வார். அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் இப்படித்தான் நடந்தது. எனக்கு அந்த நிறுத்தம் பிடித்திருந்தது. அம்மாவும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று இருந்தது.

பூசை முடிந்த கிழமை, ஒரு வியாழக்கிழமை, அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டி முத்துக்குமாரு வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அவன் அன்றிலிருந்து வெளியில் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். தாடியும் மூஞ்சியுமாக வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு எங்கடை முறை," என்றார் அம்மா. "புகையிலைக் கண்டு வாடுது. துலாவிலை ஏற ஆளில்லை. விடியவே வா."

"மாமி, நானோ?"

"வேறை ஆர் வருவினம்?"

"அப்ப கொடி ஆர் பிடிக்கிறது?"

"நான் பிடிக்கிறன்."

விடிய வந்தான். அவன் துலாவைத் தொட முதல் அம்மா குசினி வாசலில் இலை போட்டார். அவன் வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் தொடமாட்டான் என்பதால் புதுச்சட்டி வாங்கி அதில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். "சாப்பிட்டிட்டு ஏறு" என்றார். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அண்ணை நடந்த துலாவில் ஏறி நடந்தான். அம்மா கொடியைப் பிடித்தார். நான் வாய்க்காலில் நின்று, விடுங்கோ அம்மா, விடுங்கோ என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா விடவில்லை. தோட்டம் முழுவதும் நனைந்தது. அன்று பின்னேரம் அம்மா பரலோக மந்திரத்தை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டவள் நான்.

அன்று தொடங்கியது என்னுடைய எரிச்சல். வெள்ளிக்கிழமை என்றால் முதல் சோறு அவனுக்கு. அவன் எழும்பிப் போன பிறகுதான் எனக்கு. பெரிய வெள்ளி அன்று நாங்கள் ஒருசந்தி, வெறும் வயிற்றோடு கிடப்போம், அவனுக்கு மட்டும் அடுப்பு எரியும். அண்ணையின் சைக்கிளை அவனுக்குக் கொடுத்தார். அண்ணையின் வெள்ளைச் சட்டையையும் கொடுத்தார். நான் அதை மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன், கேட்காமலே எடுத்துவிட்டார். செபமாலை முடிவில் பேர் சொல்லி மன்றாடும்போது முத்துக்குமாருவின் பேர் முந்தும், என்னுடைய பேர் பிந்தும். மாமி என்று கூப்பிட்டவன் கொஞ்சக் காலத்தில் அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். என்னைத் தங்கச்சி என்பான். நான் அவனை அண்ணை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு அண்ணைதான், அவரை இவன் கொன்றுவிட்டான்.

எனக்குக் கலியாணம் நடந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாப்பிள்ளை, எங்கள் வீட்டோடுதான் வந்து இருந்தார். அவரிடம் சொல்லி அழுதால், "கொம்மா நல்ல மனுசி, அவவை விடன்" என்று அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். மூத்த பிள்ளை பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஆசுப்பத்திரிக் கட்டிலில் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் தாய்மார் வந்தார்கள். என்னுடைய தாய் சனிக்கிழமைதான் வந்தார். "நேற்று முறையெல்லே, பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு பேரனைத் தூக்கினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பிறகு மிசின் வந்தது. துலாவைக் கழற்றி விறகாக்கினோம், ஆடுகால் மட்டும் நின்றது. கயிற்றை இழுத்து மிசினை முடுக்க ஒருவர் போதும், என் மனுசனே செய்வார். இனி இவன் எதற்கு என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவன் வருவான், மிசினை முடுக்குவான், சட்டி இறங்கும். அவனுக்கும் கலியாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் சோறில்லாமலா வருகிறான்?

எழுபத்தொன்பதில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவு. எல்லாப் பணிவிடையும் நான்தான். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கஞ்சி பருக்குவது. இனியாவது அம்மா முழுவதும் எனக்கு என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வாய் குடித்துவிட்டு அம்மா கேட்கிறார்:

"இண்டைக்கு வெள்ளியெல்லே? அவன் சாப்பிட்டானோ?"

கோப்பையை ஓங்கி நிலத்தில் வைத்தேன்.

"உங்களுக்கு நான் ஆர், அவன் ஆர் அம்மா? அண்ணையைக் கொன்றவனுக்கு முதல் சோறு, எனக்கு அடிச்சட்டி. இவ்வளவு காலமும் பொறுத்திட்டன். ஏனெண்டு இண்டைக்குச் சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அசையாமல் கிடந்த வலக்கையைப் பார்த்தார்.

"அவன் துலாவிலை ஏற, கொடி என்ரை கையிலை. கொடியை விடு, விடு எண்டு இந்தக் கை ஒவ்வொரு வெள்ளியும் கேட்டுது, பிள்ளை. விட்டாலும் ஆர் கேக்கப்போகினம்? கை தவறிப்போச்சு எண்டு சொன்னால் சரி. அதுதான் ஏற முதல் சாப்பாடு குடுத்தனான். சோறு போட்ட கையாலை கொடியை விடேலாது."

"மிசின் வந்த பிறகு?" என்றேன்.

"போட்டுப் போட்டுப் பழகிட்டுது. எப்ப அவனிலை பட்சம் வந்ததெண்டு எனக்கே தெரியாது."

"அப்ப நான்?"

"உன்னிலை பட்சம் வைக்க நான் என்ன செய்ய வேணும்? நீ என்ரை பிள்ளையெல்லே," என்று சொல்லிவிட்டு, கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

வேறு ஒருத்தி என்றால் அந்த இடத்தில் தாயைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். எனக்குப் பொறாமை கூடியது. ஒரு மனிதனை நேசிக்க வேண்டும் என்று கிழமைக்குக் கிழமை அடுப்பு மூட்டி, தன்னுடைய கையோடு தானே மல்லுக்கட்டி நின்றிருக்கிறார். அந்தப் பாடுகளில் ஒரு நாள் பாட்டைக்கூட எனக்காகப் படவில்லையே. நான் சும்மா கிடைத்தவள்.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் அம்மா போய்ச் சேர்ந்தார். பெட்டி தூக்கியவர்களில் முத்துக்குமாருவும் ஒருவன். கோயிலுக்குள் எங்கள் சனத்தோடு நின்றான், எங்கே முழங்காலில் நிற்பது எங்கே எழும்புவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். அவனுக்குச் சோறு போடு என்று அம்மா சாகும்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நிச்சயமாகப் போட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மீன்காரனை வேலிப் படலையில் மறித்து நல்ல விளைமீனாக வாங்கினேன். தட்டிலிருந்து அந்தச் சட்டியை இறக்கினேன். இன்றைக்கு இதில் மீன் கொதித்தால் இனி அவனுக்குச் சட்டி இல்லை, சட்டி இல்லையென்றால் அவனுக்கு இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கு எனக்கு வலு சந்தோசமாக இருந்தது.

கிணற்றடியில் மிசின் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த மனிதன் ஆடுகாலில் சாய்ந்து நின்றான். தண்ணீர் ஓடி முடிந்தது. மிசினை நிறுத்தினான். வழமையாகக் கைகால் கழுவிக்கொண்டு குசினிப் பக்கம் வருவான். அன்று வரவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தான். அம்மா இல்லாத வீட்டில் தனக்கு ஒன்றும் இல்லை என்று அவனும் கணக்குப் போட்டிருந்தான். நான் பேசாமல் நின்றால் போதும்.

மீன் ஒரு கையில், சட்டி மறு கையில். விடு, விடு என்று என்னுடைய கையும்தான் கேட்டது.

"சாப்பாடு!" என்று கத்தினேன். அண்ணை என்று கூப்பிட வாய் வரவில்லை.

அவன் திரும்பிப் பார்த்து நின்றான். பிறகு வந்து வாசலில் இருந்தான். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மீனை மூடி வைத்தேன். பூசணிக்காயை வெட்டி அந்தச் சட்டியில் போட்டேன். ஆத்திரத்தில் உப்பை எத்தனை தரம் அள்ளினேன் என்று தெரியாது. இலை போட்டுச் சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததும் அவன் முகம் மாறியதைக் கண்டேன்.

"உப்புக் கூடிப்போச்சோ?" என்றேன், சண்டைக்கு வருகிறவள் மாதிரி.

"பரவாயில்லை, தங்கச்சி. அம்மா முதல் நாள் போட்ட குழம்பிலை உப்பே இல்லை. அந்த மனுசி உப்புப் போட மறக்கிற ஆளே? என்னிலை எவ்வளவு வெறுப்பெண்டு எனக்கு அதிலையே விளங்கிட்டுது."

"விளங்கியே துலாவிலை ஏறினனீங்கள்? கொடி அம்மான்ரை கையிலையெல்லே இருந்தது?"

"ஓம். அவ விட்டால் விடட்டும் எண்டுதான் ஏறினனான்."

இதைச் சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான். நான் சட்டியோடு அங்கேயே நின்றேன். அம்மாவும் இவனும் அந்தக் கொடியின் இரண்டு தலைப்பிலும் நின்றிருக்கிறார்கள், இருவருக்கும் தெரிந்திருக்கிறது, இருவரும் வாய் திறக்கவில்லை. வாய்க்காலில் நின்ற எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இலையில் சோறு முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல், அந்த உப்புக் குழம்போடு முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்பினான். அடுத்த வெள்ளிக்கிழமை உப்பைக் கவனமாகப் போட்டேன்.